கலங்கல்மேல் மறுபடியும் மூட்டைகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ஆண்டாளம்மாள் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, மறைந்த ஐசக் அவர்களின் மகள் சுகிர்தா அவர்களே, நம் ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர்களே, உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விருந்தினர்களே, காலனிச் சொந்தங்களே! சொந்தங்களே என்று சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன். சங்கத் தலைவன் கிருஷ்ணசாமியின் வணக்கம். வணக்கம் சொல்ல இவனுக்கு யோக்கியதை உண்டா என்று நான் பேசி முடித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். "ஏரி காத்த செம்மல், நீர் மேலாண்மை மாமணி, உயர்திரு ஐசக் அவர்கள்" என்று போட்டிருக்கிறது. வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். செத்தவருக்குப் பட்டம் கொடுக்க நமக்கெல்லாம் எவ்வளவு தாராளம் பாருங்கள்! உயிரோடிருந்த அறுபத்து மூன்று வருஷமும் இந்த ஊரில் அவருக்கு என்ன பெயர்? நீர்க்கட்டி. "டேய் நீர்க்கட்டி, மதகைத் திற." என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு நாளாவது "வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேனா? இல்லை. இன்றைக்கு மைக்கில் "அவர், இவர்" என்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிறவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும், இன்றைக்கு யார் முறை, நாளைக்கு யார் முறை என்று பார்ப்பதும், முறை தவறி மடையை வெட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்பதும் அவர் வேலை. அப்பன் செய்தார், பிள்ளை செய்தார். அவருக்கென்று கடைமடையில் எழுபது சென்ட் நிலம். தண்ணீர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, மிச்சமிருந்தால்தான் அவர் வயலுக்கு.

அவர் இனிக்க இனிக்கப் பேசுகிறவரா? இல்லவே இல்லை! சிடுமூஞ்சி. நாமெல்லாம் காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் வைப்போம். அவருக்கு எழுத்து வராது. குரலில்தான் அனுப்புவார். "தண்ணி மொத கோட்டாண்டதான் கீது. நாத்து வுடாதீங்க. வுட்டுட்டு காஞ்சி பூட்ச்சின்னு எங்கிட்ட வந்து பேஜார் பண்ணாதீங்க." இதுதான் அவருடைய காலை வணக்கம்.

அந்தக் கோடுகள் என்ன கோடுகள் தெரியுமா? மதகுக் கல்லில் அவரே வெள்ளை பெயின்ட்டால் இழுத்த ஐந்து கோடு. முதல் கோடு வரை தண்ணீர் நின்றால் மாடு குடிக்கத்தான், நடவு கிடையாது. இரண்டாவது என்றால் முப்பது ஏக்கர். மூன்றாவது, அறுபது. நான்காவது, நூறு. ஐந்தாவது கோடு கலங்கல் மட்டம். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கல் கட்டடத்தின் மட்டம். ஏரி அந்தளவு நிரம்பினால் நூற்றைம்பது ஏக்கர், அதற்குமேல் ஒரு சென்ட் கூட நடாதே என்பது அவர் கணக்கு. எந்தக் காலேஜில் படித்தார்? எந்த இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்தார்? எந்த வருஷம் எந்த வயல் எந்த வாரத்தில் காய்ந்தது என்று இருபது வருஷம் நடந்து நடந்து பார்த்துப் போட்ட கோடு ஐயா அது!

மழை மாறிவிட்டது என்று இந்த ஊரில் முதலில் சொன்னவரும் அவர்தான். நாம் மழை குறைந்துபோச்சு, குறைந்துபோச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தோம். "மய கம்மியாவல நைனா. ஒரேடியா வர்து, ஒரேடியா பூடுது. நடுவுல அம்பது நாளு வானம் வெறிச்சிக்கினு கீது. அத்தத்தான் கவனிக்கணும்" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

அவர் என்ன செய்தார்? எழுபது சென்ட்டை மூன்றாகப் பிரித்தார். ஒரு துண்டில் கேழ்வரகு. பதினைந்து நாள் விட்டு அடுத்ததில் காராமணி. இன்னும் பதினைந்து நாள் விட்டு மூன்றாவதில் குறுகிய கால நெல். முன்மழை வந்தால் ஒன்று பிழைக்கும், பின்மழை வந்தால் இன்னொன்று பிழைக்கும். டீக்கடையில் நாங்கள் கேலி பண்ணினோம். "ஐசக்கு ஓட்டல் வச்சிக்கீறான், மூணு தினுசு ஐட்டம்!" என்று சிரித்தோம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி முழுக்கச் சொட்டு மழை இல்லாமல் என் நாலு ஏக்கர் நெல்லும் கதிர் வாங்காமலே கருகியபோது, அவர் வீட்டில் களி கிண்டினார்கள். நான் ரேஷன் அரிசி வாங்கக் கையில் பையோடு வரிசையில் நின்றேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

போன வருஷம் கதையே வேறு. ஐப்பசியில் நாலே நாள். கொட்டு கொட்டென்று கொட்டி ஏரி நிரம்பி, ஆறு நாள் தண்ணீர் வழிந்து கலங்கல் போனது. உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கலங்கல் போனால் பூசை போடுவது நம் வழக்கம். மேளம் வைத்து, கிடா வெட்டி, பாய்கிற தண்ணீரில் பூ தூவினோம். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை. நூற்றைம்பது ஏக்கர் என்று கோடு சொல்ல, இருநூறு ஏக்கர் நட்டோம். அப்புறம் ஒரு துளி மழை உண்டா? தை பிறந்தபோது மதகு வாயில் சேறு. பால் பிடிக்கிற சமயத்தில் பயிர் பதராகிப் போனது. வாலாஜாபாத் மில்லுக்கு மூட்டை கொண்டு போனேன். பிரித்து, ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போட்ருங்க" என்றார்கள்.

தப்பு எங்கே நடந்தது? நட்டதில். பழியை எங்கே போட்டோம்? கலங்கல் மேலே! ஆறு நாள் ஓடி, செய்யாற்றில் விழுந்து, திருமுக்கூடல் தாண்டிக் கடலுக்குப் போன தண்ணீரை நினைத்து நினைத்து வயிறு எரிந்தோம். அந்தத் தண்ணீரை நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போமே என்று பேசினோம். வயிற்றெரிச்சலில் மனிதன் என்ன வேண்டுமானாலும் யோசிப்பான். இந்தப் புரட்டாசியில் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வந்தோம். கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குவது; ஒரு அடி உயர்த்தி, ஒரு அடி தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைப்பது. தீர்மானத்தைக் கொண்டு வந்தவன் யார்? நான். கிருஷ்ணசாமி.

ஐசக் எழுந்தார். அவரும் உறுப்பினர்தானே, எழுபது சென்ட்டுக்கு! "கலங்கல் இன்னாத்துக்கு கட்டிக்கீறாங்க? அதுக்கு மேல கரைக்கு தெம்பில்ல நைனா. காலனி பின்னாடி கரை மெத்துன்னு கீது, நாந்தான் டெய்லி நடக்கறேன். ஒரே நாள்ல வர்ற மய வந்தா, கரை பிச்சிக்கும். ஒரு அடி தண்ணிக்காவ நூறு வூட்ட வெச்சி சூதாடாதீங்க" என்றார். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? மறைக்கப் போவதில்லை. "மதகைத் திறக்கறதுதான் உன் வேலை, கலங்கலைப் பத்திப் பேசறது இல்ல. உட்காரு" என்றேன். ஓட்டுக்கு விட்டோம். நாற்பத்தொரு கை மேலே. எதிர்த்து ஒரே ஒரு கை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த மண் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி எல்லா மேடையிலும் நெஞ்சை நிமிர்த்துகிறோமே! அந்த மண்ணில்தான், ஏரியை அறிந்த ஒரே ஆளை நாற்பத்தொரு பேர் கை தூக்கி உட்கார வைத்தோம்.

அந்த மூட்டையை அடுக்கியது யார்? அவரேதான்! நீர்க்கட்டியின் வேலை என்று அவர் தலையிலேயே கட்டினோம். "சொல்ட்டீங்க, அடுக்கறேன். ஆனா நான் அடுக்கறாப்லதான் அடுக்குவேன்" என்றார். ஐந்து ஐந்து மூட்டையாகக் கயிற்றில் கோத்து, கயிற்று நுனியைக் கரைப் பக்கம் விட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "இஸ்த்தா வரணும்" என்றார். அடுக்கும்போதே எடுக்கிற நாளை நினைத்த மனிதர் அவர்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஏரி கலங்கல் மட்டத்துக்கு வந்தது, மூட்டைமேலும் ஏறியது. தண்ணீர் வழியவில்லை. நமக்குத் தலைகால் புரியவில்லை. இருநூறு ஏக்கர் நட்டோம், மறுபடியும்! அதோடு விட்டோமா? மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். ஐசக் ஓரமாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார். "நைனா, கலங்கல் போனாத்தான பூச போடுவீங்க? போவாம நிக்கறதுக்கு இன்னாத்துக்கு பூச?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனிமேல் சொல்லப் போவதைக் கேட்பது கஷ்டம். சுகிர்தா அம்மா, உங்களிடம் நேற்றே அனுமதி கேட்டுவிட்டேன். சொல்லுங்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் சொல்கிறேன்.

கார்த்திகை மூன்றாவது வாரம், அந்தப் புயல் நாள். விடியும்போதே மழை கண்ணை மறைத்தது. காலை ஆறு மணிக்குக் குழுவில் அவர் குரல் வந்தது. இந்தப் போனில் இன்னும் இருக்கிறது. போட்டுக் காட்டப் போவதில்லை, வார்த்தையை மட்டும் சொல்கிறேன். "மூட்டைக்கு மேல ஒரு சாண் தண்ணி நிக்குது. காலனி பக்கம் கரை ஊறிக்கினு கீது. மூட்டய எடுக்கணும். நான் கலங்கலாண்ட கீறேன். ரெண்டு பேரு வாங்க, போதும்."

ரெண்டு பேர்! இருபது பேர் கேட்கவில்லை. பொக்லைன் கேட்கவில்லை. குழுவில் எண்பத்தாறு பேர் இருக்கிறோம். எழுபத்தொன்பது பேர் கேட்டதாகப் போன் காட்டுகிறது. ஒருவர் கும்பிடுகிற கை படம் அனுப்பினார். சுகிர்தா ஒரகடத்தில் கம்பெனியில் முதல் ஷிப்டில் இருந்தார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பாவின் குரலை அவர் கேட்டபோது மத்தியானம் மணி இரண்டு. நான் எப்போது கேட்டேன்? ஆறு இருபதுக்கு. கையில் காபி டம்ளர். "மழை விடட்டும், போகலாம். அவசரப்படாதே" என்று பதில் போட்டேன். அதற்கு அவர் பதில் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, மூச்சு வாங்க, "இது வுட்ற மய இல்ல நைனா" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். குடையைக்கூடத் தேடினேன். வாசல்வரை வந்தேன். அடித்த அடியைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஐயா. அந்தப் பத்து நிமிஷம்தான் நான்.

ஒன்பது மணிக்கு மழை தணிந்து போனோம். கலங்கலின் தெற்குப் பாதியில் ஒரு மூட்டைகூட இல்லை. தண்ணீர் திமிறிக்கொண்டு ஓடியது. கரை நின்றது. காலனியில் ஒரு ஓடு நகரவில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று வயது மனிதர் ஒற்றை ஆளாகக் கயிற்றை இழுத்து இழுத்து அந்தப் பாதியின் மூட்டை அத்தனையையும் எடுத்திருக்கிறார். கடைசிக் கயிற்றில் கோத்த மூட்டைகள் மொத்தமாகப் புரண்டபோது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சாயங்காலம் கால்வாயில் வேலிக்காத்தான் புதரில் கண்டெடுத்தோம். கயிறு இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி இருந்தது. அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அறுத்தது நான். இரண்டு தடவை அவர் தோலையும் கீறிவிட்டேன். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

யார் அவரைக் கொன்றது? புயலா? மழையா? பருவம் மாறிப்போச்சு என்று ஆகாயத்தைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ளப் போகிறோமா? மாறின மழைக்கு என்ன செய்யணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் சொன்னார். மதகுக் கல்லில் எழுதியே வைத்தார்!

இத்தோடு முடித்து, அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி இறங்கியிருப்பேன். முடியவில்லை. ஏனென்றால் இன்று காலை கலங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். ஐசக்கைக் குழியில் வைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. தெற்குப் பாதியில் மறுபடியும் மூட்டைகள்! புது மூட்டைகள். உரச் சாக்கில் மண் நிரப்பி, களிமண் பூசி, அசைக்க முடியாதபடி அடுக்கியிருக்கிறது. கயிறு இல்லை. அவர் உயிரை விட்டு எடுத்ததை, அவருக்குப் பேனர் கட்டுகிற இதே வாரத்தில் திரும்ப அடுக்கியிருக்கிறோம். யார் அடுக்கினீர்கள்?

கனகா, எழுந்துவிட்டாயே, உட்காராதே. சொல்லு. உரக்கச் சொல்லு அம்மா.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். கனகா சொல்வது இது. "நாங்கதான் அடுக்கினோம். கடைமடைக்காரங்க அத்தினி பேரும். ஐசக் அண்ணனுக்காவ நானும் மாரடிச்சி அயுதேன். ஆனா நாப்பது சென்ட் நட்டு வெச்சிக்கீறேன். மூட்டய எட்த்துட்டா மாசில என் பயிரு காயும். ஒங்களுக்கு மதகாண்ட நெலம், நீங்க சொல்லுவீங்க நைனா. நான் இன்னாத்த துன்றது?"

கைதட்டாதீர்கள். அவளைத் திட்டவும் திட்டாதீர்கள். அவள் கேட்டது நியாயம். இருநூறு ஏக்கருக்குத் தண்ணீர் இருக்கிறது என்று கற்பூரம் காட்டி அவளை நட வைத்தது நான். இப்போது எடு என்றால், வயிறு காயப் போவது அவளுக்குத்தான், எனக்கு இல்லை. அதனால் நான் உறுதிமொழி சொல்லப் போவதில்லை. செய்யப் போவதைச் சொல்கிறேன்.

மதகடியில் என் நாலு ஏக்கர் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நாளைக் காலையில் என் மாட்டையும் உங்கள் மாட்டையும் அதில் இறக்கி மேய்த்துவிடுங்கள். இருக்கிற ஈரத்தில் உளுந்து தெளித்துக்கொள்கிறேன், வந்தால் வரட்டும். என் முறைத் தண்ணீர் மொத்தமும் கடைமடைக்குப் போகட்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆண்டாளம்மாளிடம் கொடுத்துவிட்டேன். நாலு ஏக்கர் தண்ணீரில், கோட்டை மீறி நட்ட ஐம்பது ஏக்கரும் பிழைக்காது, எனக்கும் தெரியும். கனகாவின் நாற்பது சென்ட்டும் இன்னும் சில துண்டுகளும்தான் பிழைக்கும். மதகடியில் நிலம் வைத்திருக்கும் மற்றவர்களை நான் கட்டாயப்படுத்த முடியாது. மனமிருப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து சொல்லலாம்.

யாரும் எழவில்லை. சரி. புரட்டாசிக் கூட்டத்தில் ஐசக் தனியாக எழுந்து நின்றபோது, அவர் பக்கம் நானும் எழவில்லை.

வெங்கடேசனா? ஒரு ஏக்கரா? உட்காராதீர்கள், நின்றுகொண்டே இருங்கள், ஊர் பார்க்கட்டும். ஒரு ஏக்கர். நன்றி ஐயா.

அடுத்து மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. வேண்டாம். எழுபத்தொன்பது பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோமே, அது மௌனம் இல்லாமல் வேறென்ன? அந்த மனிதருக்கு நாம் செலுத்திய மௌனம் போதும்.

வங்கக்கடலில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை கரைக்கு வரும் என்று சுகிர்தா காலையில் போனைக் காட்டினார். இன்றைக்குப் புதன். ஏரி நிரம்பி நிற்கிறது. காலனி பின்னால் கரை ஊறினது ஊறினபடி இருக்கிறது. இந்த முறை அடுக்கிய மூட்டை இழுத்தால் வராது. கடப்பாரை போட்டுப் பெயர்க்க வேண்டும், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். ஆண்டாளம்மா, கூட்டம் முடிந்தது என்று தயவுசெய்து அறிவித்துவிடாதீர்கள். மிச்சக் கூட்டம் கலங்கலில்தான். கனகா, நீயும் வா. நீ அடுக்கியதை நானே தனியாகப் பெயர்க்க எனக்கு உரிமையில்லை, நீ ஒரு பக்கம் பிடி. மேடையில் இருக்கும் பெரியவர்களும் வரலாம், வேட்டி நனையும், அவ்வளவுதான்.

ஏன் எல்லாரும் பந்தலை அண்ணாந்து பார்க்கிறீர்கள்? ஆமாம், தூற ஆரம்பித்துவிட்டது. எனக்கும் கேட்கிறது. விடட்டும் என்று யாரும் உட்காராதீர்கள். எழுந்திருங்கள், நனைந்துகொண்டே போவோம்.